மயிரிழைச் சான்றா, ஒட்டுத்தடயமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

நாம் தொகுக்கும் தடயவியல் கலைச்சொல் பட்டியலுக்கு, குற்றம் நடந்த இடத்தில் கிடைக்கும் முடிக்கும் துணி இழைக்கும் சேர்த்து 'மயிரிழைச் சான்று' என்றொரு சொல் போன வாரம் வந்தது. இரண்டு பேர் ஆமோதித்தும் விட்டார்கள். எனக்கு ஒப்பவில்லை. மயிரிழை என்றதுமே காதில் விழுவது 'மயிரிழையில் உயிர் தப்பினார்' என்பதுதான். அரசு வக்கீல் எழுந்து "எங்களிடம் மயிரிழைச் சான்று இருக்கிறது" என்றால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேலையே இல்லை.

மயிரா முடியா என்ற சண்டையில் நான் அதிக நேரம் நிற்கப் போவதில்லை. 'தலையின் இழிந்த மயிரனையர்' என்று குறளில் இருக்கிறது, யாழ்ப்பாணத்து நண்பர்கள் தலைமயிர் என்று கூச்சமில்லாமல் சொல்கிறார்கள், எல்லாம் சரி. தமிழ்நாட்டில் சாட்சிக் கூண்டில் நின்று அதைச் சொல்லிப் பாருங்கள். முடி போதும். ஆனால் அந்தக் குறள் வேறு விதத்தில் கை கொடுக்கிறது. வள்ளுவர் சும்மா மயிர் என்று சொல்லவில்லை, தலையிலிருந்து இழிந்த மயிர் என்கிறார். தடயவியலுக்கும் அதுதான் முதல் கேள்வி: தானாக உதிர்ந்ததா, பிடித்து இழுத்ததா? தானாக உதிர்ந்த முடியின் வேர் காய்ந்து, குண்டாந்தடி முனை மாதிரி உருண்டிருக்கும். வளரும் நிலையில் பிடுங்கப்பட்ட முடியின் வேர் நீண்டு, திசுவையும் ஒட்டிக்கொண்டு வரும். மரபணுச் சோதனைக்கு இதுதான் தோது. முதல் வகை சீப்பிலும் தலையணையிலும் தினமும் கிடைக்கும், இரண்டாவது கைகலப்பைக் காட்டலாம். ஆகவே 'உதிர்முடி', 'பறிமுடி' என இரண்டையும் பட்டியலில் சேர்த்திருக்கிறேன். முடியின் நடுவே ஓடும் பகுதிக்கு அகணி, அதைச் சுற்றியிருப்பதற்குப் புறணி என்ற உயிரியல் சொற்களே போதும். அகணியின் அகலம் முடியின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் மனித முடி, பாதியைத் தாண்டினால் விலங்கு முடி என்பது பொதுவான கணக்கு. (புறணி என்றதும் திண்ணைப் பேச்சு நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பில்லை.)

அப்புறம் ஃபைபர். நார், தும்பு, இழை என மூன்று முன்மொழிவுகள். நார் உரித்தெடுப்பது, வாழைநார், பனைநார். தும்பு தேங்காய் மட்டையை விட்டு வராது. செயற்கை இழை, ஒளியிழை என்று ஏற்கெனவே புழங்குவதால் இழையை யாராலும் அசைக்க முடியாது. ஆனால் இறந்தவரின் சட்டையிலிருந்து இடுக்கியால் எடுக்கிறார்களே, அது துணியை விட்டு வெளியே வந்துவிட்ட இழை. அதற்கு நம் ஊரில் பிசிறு என்று பெயர்.

சொந்தக் கதை ஒன்று. அப்பா கோவையில் நூற்பாலைத் தொழிலாளி, பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங்கில் வேலை. ஷிப்ட் முடிந்து வரும்போது புருவத்திலும் காதோர முடியிலும் வெள்ளையாகப் பஞ்சு பூத்திருக்கும். வாசலில் நின்று துண்டால் உதறிவிட்டுத்தான் உள்ளே வருவார். அப்படியும் அவர் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து பள்ளிக்குப் போன என் நீல டவுசரின் பின்பக்கம் பஞ்சு இருக்கும். "மில்லுக்காரர் பையனா?" என்று ஒரு டீச்சர் அதைப் பார்த்தே கேட்டார். நான் அதுவரை மில் கேட்டைக்கூடத் தாண்டியதில்லை.

டீச்சர் கண்டுபிடித்தது சரி. ஆனால் அதே பஞ்சை வைத்து "இந்தப் பையன் மில்லுக்குள் போயிருக்கிறான்" என்று சொல்லியிருந்தால் தப்பு. மில்லிலிருந்து அப்பாவுக்கு ஒட்டியது ஒன்று. அப்பாவிடமிருந்து கேரியர் வழியாக எனக்கு ஒட்டியது இன்னொன்று. லியோன் நகரில் 1910-ல் ஆய்வுக்கூடம் தொடங்கிய எட்மண்ட் லோகார்டின் பெயரால் வழங்கும் கோட்பாடு, தொட்டால் ஏதாவது ஒன்று ஒட்டும் என்பதுதான். எத்தனை கை மாறி ஒட்டியது என்பதை இழை தானாகச் சொல்லாது. இப்படி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்கு (டிரான்ஸ்ஃபர்) 'இடமாற்றம்' என்று எழுதினால் தாசில்தார்தான் நினைவுக்கு வருகிறார். 'தொற்று' கொரோனாவோடு போய்விட்டது. அதனால் 'ஒட்டு' என்கிறேன். நேராக வந்தால் நேரொட்டு, இன்னொருவர் வழியாக வந்தால் வழியொட்டு. இந்த வகைத் தடயம் மொத்தத்துக்கும் ஒட்டுத்தடயம். 'நுண்தடயம்' அளவை மட்டும் சொல்கிறது. இங்கே பேசவேண்டியது அளவு அல்ல, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போனது.

ஒரு சொல் நிற்குமா என்று பார்க்க அதை ஒரு வழக்கில் ஓட்டிப் பார்ப்பது என் பழக்கம். 1979 முதல் 1981 வரை அமெரிக்காவின் அட்லாண்டாவில் கறுப்பினச் சிறுவர்களும் இளைஞர்களுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். பல உடல்களில் மஞ்சள் கலந்த பச்சை நைலான் இழை, ஊதா இழை, நாய்முடி. 1981 பிப்ரவரியில் இழைகள் கிடைக்கும் செய்தி பத்திரிகையில் வந்தது. அதன்பின் உடல்கள் பெரும்பாலும் உடை களையப்பட்டு ஆற்றில் வரத் தொடங்கின. மே 22 விடிவதற்கு முன் சாட்டஹூச்சி ஆற்றுப் பாலத்தடியில் காவல் இருந்தவர்களுக்குத் தண்ணீரில் ஏதோ விழும் சத்தம் கேட்டது. பாலத்தில் போன காரை மறித்தார்கள். ஓட்டியவர் வெய்ன் வில்லியம்ஸ். அவர் வீட்டில் பச்சைக் கார்ப்பெட், ஊதாப் படுக்கை விரிப்பு, ஒரு நாய்.

அந்தப் பச்சை இழையைக் குறுக்கே வெட்டினால் மூன்று மடல் தெரியும். இரண்டு நீளம், ஒன்று குட்டை. அந்த வடிவத்தைப் பிடித்துக்கொண்டு போனதில் இழையைச் செய்தது வெல்மன் நிறுவனம், அதை வாங்கி அந்த நிறத்தில் கார்ப்பெட் போட்டது வெஸ்ட் பாயிண்ட் பெப்பரெல் என்று தெரிந்தது. ஏறத்தாழ ஓராண்டில் 16,397 சதுர கெஜம். அது 10 தென்கிழக்கு மாநிலங்களுக்கும் சமமாகப் போனது, ஓர் அறைக்கு 20 சதுர கெஜம் என்று வைத்துக்கொண்டு, அட்லாண்டா பகுதியில் 7,792 வீட்டுக்கு ஒன்றில் இந்தக் கார்ப்பெட் இருக்கலாம் என்றார்கள். 'வைத்துக்கொண்டு' என்பதை அழுத்திச் சொல்கிறேன். அந்த எண் கார்ப்பெட்டைப் பற்றியது, ஆளைப் பற்றியது அல்ல. 1982 பிப்ரவரியில் வயதுவந்த இருவரின் கொலைகளுக்காக வில்லியம்ஸுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. தான் குற்றவாளி இல்லை என்றே அவர் சொல்லி வந்திருக்கிறார்.

இங்கேதான் பட்டியலில் என்னை உறுத்தும் சொல் வருகிறது: 'மேட்ச்' என்பதற்குப் 'பொருத்தம்'. ஐயா, ஜாதகத்தில் பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்றால் அந்தப் பெண்ணுக்கு ஊரில் வேறு மாப்பிள்ளையே இல்லை என்றா அர்த்தம்? ஆனால் நீதிமன்றத்தில் 'முடி பொருந்தியது' என்று கேட்டதும் 'அவன் முடிதான்' என்றே மனம் போய்விடும். அமெரிக்காவில் அப்படித்தான் நடந்தது. எஃப்.பி.ஐ. நிபுணர்கள் நுண்ணோக்கியில் முடியை ஒப்பிட்டு அளித்த பழைய சாட்சியங்களை மறு ஆய்வு செய்து 2015-ல் வெளியிட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக அந்தச் சாட்சியம் பயன்பட்ட 268 வழக்குகளில் 257-ல் அறிவியல் தாங்காத அளவுக்கு மிகைப்படுத்திச் சொல்லியிருந்தார்கள். நுண்ணோக்கி பொய் சொல்லவில்லை. அதில் பார்த்ததைச் சொன்ன வாய்தான் கூடுதலாகப் போனது.

ஆகவே 'ஒத்தது', 'உரியது' என்று இரண்டாகப் பிரிக்கலாம். இந்த இழை அந்தக் கார்ப்பெட்டை ஒத்தது எனலாம். அந்தக் கார்ப்பெட்டுக்கு உரியது எனக்கூடாது. 2007-ல் அட்லாண்டா நாய்முடியை இழைமணி (மைட்டோகாண்ட்ரியா) மரபணுவில் சோதித்தபோதும், நூறு நாய்களில் ஒன்றிடம் இருக்கக்கூடிய வரிசையே கிடைத்தது. வில்லியம்ஸின் நாயை விலக்க முடியவில்லை, அவ்வளவுதான். 'விலக்க முடியவில்லை' என்பதையும் அப்படியே சொற்றொடராகப் பட்டியலில் வைக்கிறேன்.

கோவையிலிருந்து

* * *

வணக்கம் ஐயா. ஒத்தது, உரியது இரண்டும் அருமை. பிசிறில்தான் எனக்குத் தகராறு. திருப்பூரில் இருபது வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவள் நான். பிசிறு என்றால் எங்களுக்குத் தையல் ஓரத்தில் தொங்குகிற நூல், கத்தரித்துத் தள்ளுவோம். அது இன்னும் துணியோடுதான் இருக்கிறது. கார்ப்பெட்டிலிருந்து கழன்று விழும் ஒற்றை நைலானை யாரும் பிசிறு என்று சொல்லிக் கேட்டதில்லை. நீங்களே 'உதிர்முடி' என்று கொடுத்திருக்கிறீர்கள். பக்கத்திலேயே 'உதிரிழை' இருக்கிறதே?

இன்னொன்று. ஒட்டு என்றால் நிலைத்து நிற்பதுபோல் இருக்கிறது. நடமாடுகிற ஆளின் துணியில் ஒட்டிய இழையில் பெரும்பங்கு முதல் சில மணி நேரத்திலேயே விழுந்துவிடுமாம். அதற்கு ஒரு சொல் வேண்டாமா?

* * *

அம்மா, தோற்றேன். உதிரிழை என்று மாற்றிவிட்டேன். பிசிறை விட மனசில்லை என்றாலும் கத்தரிக்கோல் உங்கள் கையில்.

நீங்கள் கேட்ட இரண்டாவதுதான் கனமானது. இறந்த பிறகு உடல் நடமாடாது, ஆகவே அதில் மிஞ்சியிருக்கும் இழைகளில் பெரும்பாலானவை கடைசிச் சில மணி நேரத்தில் ஒட்டியவை என்று ஊகிக்க முடிகிறது. அட்லாண்டாவில் அதே இழைகள் ஒன்றுசேர்ந்து உடலுக்கு உடல் வந்ததை அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம். 'தங்கல்' என்று எழுதிப் பார்த்தேன், லாட்ஜ் மாதிரி இருக்கிறது. 'ஒட்டுக்காலம்' பரவாயில்லை, ஆனால் விவசாயத் துறை அன்பர்கள் மாங்கன்றோடு சண்டைக்கு வருவார்கள். ஞாயிறு வரை அந்தக் கட்டத்தைக் காலியாக விடுகிறேன்.