சிறிய ஸ்பீக்கர் பெட்டி: ட்வீட்டருக்கு ஒரு கெபாசிட்டர் மட்டும் போதுமா?

கேள்வி (கடலூர், தேவனாம்பட்டினம்)

வணக்கம். வீட்டில் பாட்டுக் கேட்பதற்காக 5 அங்குல ஊஃபரும் (தாழ்ந்த ஒலிகளுக்கான ஸ்பீக்கர்) 1 அங்குல சில்க் டோம் ட்வீட்டரும் (உயர்ந்த ஒலிகளுக்கானது) கொண்ட சிறிய பெட்டி ஒன்றைச் செய்துவருகிறேன். இரண்டும் 8 ஓம். ஊஃபரின் உணர்திறன் (ஒரே அளவு மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது) 85 டெசிபெல், ட்வீட்டருடையது 89. ட்வீட்டரின் ஒத்ததிர்வு (டோம் தானாகவே மிகுதியாக அதிரும் அதிர்வெண்) 1200 ஹெர்ட்ஸ். கடையில் சொன்னபடி 4.7 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றை ட்வீட்டருடன் தொடராக இணைத்திருக்கிறேன். ஒலியைக் கூட்டினால் பெண் குரல்கள் கரகரக்கின்றன. 'ஸ' வரும் இடமெல்லாம் காதைக் குத்துகிறது. என்ன செய்யலாம்?

பதில் (புதுச்சேரி, லாஸ்பேட்டை)

கரகரப்புக்குக் காரணம் பெரும்பாலும் ஒத்ததிர்வுதான். ட்வீட்டர் எப்போதும் 8 ஓமாகவே இருக்கும் என்று கொண்டால், உங்கள் கெபாசிட்டர் ஏறத்தாழ 4200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலிகளை வெட்டத் தொடங்கி, 1200 ஹெர்ட்ஸில் மின்னழுத்தத்தை 11 டெசிபெல் குறைக்க வேண்டும். ஆனால் ஒத்ததிர்வில் ட்வீட்டரின் மின்மறுப்பு (ஓமில் அளக்கும் எதிர்ப்பு) உயர்ந்துவிடுகிறது. அது 20 ஓமுக்கு ஏறினாலே, அந்த 11 டெசிபெல் 5 டெசிபெலுக்கும் கீழே சுருங்கிவிடும். அதாவது, மெல்லிய அந்த டோம் எந்த இடத்தில் மிகவும் தடுமாறுமோ, அந்த இடத்திலேயே வடிகட்டி கைவிட்டுவிடுகிறது.

ஆகவே ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும்) 12 டெசிபெல் சரியும் இரண்டாம் படிநிலை வடிகட்டிக்கு, அதாவது கெபாசிட்டரும் காயிலும் சேர்ந்ததற்கு, மாறுங்கள். 3000 ஹெர்ட்ஸுக்குப் பட்டர்வொர்த் என்னும் வழக்கமான வடிகட்டிக் கணக்குப்படி அதே 4.7 மைக்ரோஃபாரட் தொடரிலும், 0.6 மில்லிஹென்றி காயில் ட்வீட்டருக்குக் குறுக்கே பக்க இணைப்பிலும் வரும். வாங்கிய கெபாசிட்டர் வீணாகாது; ஆனால் அது முனைக் குறியுள்ள எலக்ட்ரோலிட்டிக்காக இருந்தால் அவசியம் மாற்றிவிடுங்கள். பாலிப்ரொப்பிலீன் வகையே நல்லது.

பதில் (நெல்லிக்குப்பம்)

மேலே சொன்னது சரி; ஆனால் 'ஸ' குத்துவதற்கு ஊஃபரைவிட ட்வீட்டரின் உணர்திறன் 4 டெசிபெல் கூடுதலாக இருப்பதே காரணம் என்று கருதுகிறேன். காயிலுக்குப் பிறகு, ட்வீட்டருக்கு முன்பாக, 3 ஓம் தொடரிலும் 15 ஓம் ட்வீட்டருக்குக் குறுக்கேயும் வைத்து ஓர் எல்-பேட் (ஒலியைக் குறைக்கும் மின்தடை ஜோடி) அமையுங்கள். ஒலி 4 டெசிபெல் இறங்கும். வடிகட்டி காணும் சுமையும் 8.2 ஓமாகவே நிற்கும். இதைவிட முக்கியமான பயன் ஒன்று உண்டு: ஒத்ததிர்வில் ட்வீட்டர் 20 ஓமுக்கு ஏறினாலும், குறுக்கே உள்ள 15 ஓம் அதை அடக்கிவிடுவதால், வடிகட்டிக்கு மொத்தம் 11.6 ஓம்தான் தெரியும். மின்தடைகள் 10 வாட் ஒயர்வவுண்டாக (கம்பி சுற்றிய வகை) இருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. ஊஃபருக்கும் இரண்டாம் படிநிலையே வைத்தால் ட்வீட்டரின் முனைகளை மாற்றி இணைக்க வேண்டும் என்கிறார்களே, அது கட்டாயமா?

பதில் (லாஸ்பேட்டை)

ஏட்டளவில் ஆம், மாற்றாவிட்டால் வெட்டும் இடத்தில் இரண்டுக்கும் 180 பாகை கட்ட வேறுபாடு வருவதால் (ஒன்று முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுப்பதால்) ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஆனால் இரண்டும் பலகையில் எவ்வளவு முன்பின்னாக அமைந்துள்ளன என்பதும் இதில் சேர்ந்துகொள்வதால், அளந்து பார்ப்பதே உறுதி. ட்வீட்டரின் உயரத்தில், ஒரு மீட்டர் தொலைவில் மைக்கை வைத்து, இரு விதமாகவும் இணைத்து அளவெடுங்கள், ஒலியை அளக்கும் ஆர்.இ.டபிள்யூ. (REW) மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. எந்த இணைப்பில் 3000 ஹெர்ட்ஸ் அருகே ஆழமான பள்ளம் விழுகிறதோ, அது தவறானது.

காயிலை இனாமல் பூசிய செம்புக் கம்பியால் ஏர்-கோராக (நடுவில் இரும்பு இல்லாமல்) சுற்றுங்கள். ஊஃபர் வடிகட்டியின் காயிலும் ட்வீட்டர் வடிகட்டியின் காயிலும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக, தள்ளி இருக்க வேண்டும். கடற்கரையை ஒட்டிய வீடு என்பதால் கம்பிகளை முறுக்கி மட்டும் விடாதீர்கள். இனாமலை நன்றாகச் சுரண்டி, ஒவ்வோர் இணைப்பையும் பற்றவைத்து, மேலே வார்னிஷ் பூசிவிடுங்கள்.