பிராய்லர் தீவனத்தில் ஈஸ்ட்: போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்களேன்

கொழிஞ்சாம்பாறை பக்கம் சொந்தமாகத் தீவனம் அரைத்து பிராய்லர் வளர்க்கிறோம். மரபணு மாற்றிய ஈஸ்ட் என்று ஏஜென்ட் ஒரு பவுடர் கொடுத்துவிட்டுப் போனார். மக்காச்சோளம், சோயாவில் பாஸ்பரஸின் பெரும்பகுதி பைட்டேட் என்ற சேர்மமாக இருக்கிறது, கோழிக்குச் சரியாகச் செரிக்காது; இந்தப் பவுடரால் கிடைக்கும் பைட்டேஸ் நொதி அந்தப் பாஸ்பரஸை விடுவிக்கும், டிசிபி (பாஸ்பரஸுக்காகத் தீவனத்தில் சேர்க்கும் டைகால்சியம் பாஸ்பேட்) செலவு குறையும் என்கிறார்கள். சரி. பிக்கியா என்ற ஈஸ்ட் வகையில் மரபணு சேர்த்து அந்த நொதியைத் தயாரிப்பதும் புதிதல்ல. ஆனால் இந்தப் பாக்கெட்டில் இருப்பது வெறும் நொதியா, உயிருள்ள ஈஸ்டா? எங்கேயும் போடவில்லை. உயிருள்ளது என்றால் மரபணு மாற்றிய உயிரிகளுக்கான 1989 விதிகளின்படி மத்திய அரசின் அனுமதி வேண்டுமே! கேட்டால் "எல்லாரும் போடறாங்கண்ணே" என்கிறார்.

பொள்ளாச்சி, பல்லடம் பக்கம் யாராவது போட்டிருந்தால், டிசிபியை எவ்வளவு குறைத்தீர்கள், எஃப்சிஆர் (ஒரு கிலோ எடை கூட எத்தனை கிலோ தீவனம் என்ற கணக்கு) இறங்கியதா, குஞ்சுகளுக்குக் கால் பலவீனம் வந்ததா என்று சொல்லுங்கள். நாங்கள் பெல்லட் (சூடாக்கி அழுத்திய குருணைத் தீவனம்) போடுவதில்லை, மாவுத் தீவனம்தான்; அதனால் சூட்டில் நொதி கெடுமோ என்ற கவலை இல்லை.