அம்பாசடரில் எலக்ட்ரானிக் இக்னிஷன்: மாற்றிய பிறகு ஒரு புதுப்பிப்பு
ஆனி மழையில் என் பழைய பெட்ரோல் அம்பாசடர் (1489 சிசி) காலையில் ஸ்டார்ட் ஆவதில்லை, பிளக்கில் பொறி வர வைக்கும் பாயிண்டை (திறந்து மூடும் சின்ன சுவிட்ச்) தேய்த்துத் தேய்த்தே சலித்துவிட்டது, எலக்ட்ரானிக்குக்கு மாறலாமா என்று கேட்டிருந்தேனே, மாற்றியாச்சு. ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் அதேதான். உள்ளே பாயிண்டும் அது கருகாமல் காக்கும் கண்டன்சரும் போய், அந்த வேலைக்கு ஒரு சின்ன எலக்ட்ரானிக் மாட்யூலும் சுழலும் ரோட்டருக்கு அடியில் காந்த வளையமும் வந்திருக்கின்றன. வேலை அரை நாள்கூட இல்லை.

ஆனால் முதல் வாரம் பாடாய்ப் படுத்தியது. ஐடிலில் பட்டுப்போல் ஓடும். தக்கலையிலிருந்து நாகர்கோவில் போகையில் வில்லுக்குறி தாண்டி ஒரே சீராகப் போனால் வெட்டி வெட்டி இழுக்கும். இக்னிஷன் காயில் (பொறிக்கு உயர் மின்னழுத்தம் தருவது), பிளக் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். கடைசியில் மெக்கானிக் அண்ணன் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிவிட்டு, ஓடும்போது எஞ்சின் உறிஞ்சலால் பொறியின் நேரத்தை மாற்றும் வேக்குவம் குழாயை வாயால் உறிஞ்சினார். உள்ளே மாட்யூல் உட்கார்ந்திருக்கும் பேஸ் பிளேட் லேசாகத் திரும்பியது, அதை பாடியோடு இணைக்கும் பின்னல் எர்த் ஒயர் நாலைந்து இழையில் தொங்கிக்கொண்டிருந்தது! மாட்யூலுக்கு எர்த்தே அந்த வழியாகத்தான். ஐடிலில் பிளேட் திரும்பாது, சீராக ஓடும்போது திரும்பியதும் எர்த் விட்டு விட்டுப் போயிருக்கிறது. பாயிண்ட் காலத்திலேயே அறுந்துகொண்டிருந்திருக்கும். புது ஒயர் வைத்ததும் சரியாகிவிட்டது.

இப்போது மழையிலும் ஒரே சாவியில் பிடிக்கிறது. மைலேஜில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, அதற்காக மாற்றவும் இல்லை. அப்புறம், எஞ்சினை நிறுத்திவிட்டு இக்னிஷனை ஆனில் விட்டுப் பாட்டு கேட்காதீர்கள், காயிலும் மாட்யூலும் சூடாகிப் போய்விடும்.

“பழைய பாயிண்ட தூரப் போட்டிராத மக்கா” என்றார் அண்ணன். மாட்யூல் வழியில் போய்விட்டால் உதவுமே என்று, கண்டன்சரோடு டேஷ்போர்டில் கிடக்கிறது.