ஆஷ்விட்ஸில் உயிரைக் காத்தது வைராக்கியமா, வேறு ஏதாவதா?

சுவடிப்பெட்டி:
வதைமுகாமிலிருந்து தப்பியவர்களைப் பற்றிப் பேசினாலே "வாழணும்னு வைராக்கியம் இருந்தது, பிழைச்சாங்க" என்கிறார்கள். அப்படியானால் செத்தவர்களுக்கு வைராக்கியம் இல்லையா? இரண்டாம் உலகப்போரில் நாஜி ஜெர்மனி போலந்தில் நடத்திய ஆஷ்விட்ஸ் முகாமை மட்டும் எடுத்துக்கொள்வோம். அங்கே ஒரு கைதியை எது சாய்த்தது, எது தாங்கிப் பிடித்தது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
வைராக்கியம் காட்ட வாய்ப்பே கிடைக்காதவர்கள்தான் அங்கே அதிகம். கொண்டுவரப்பட்டவர்கள் சுமார் 13 லட்சம் பேர். எண் கொடுத்துக் கைதியாகப் பதிந்தது சுமார் 4 லட்சம் பேரைத்தான். மற்றவர்களில் ஏறக்குறைய எல்லோரும், முக்கியமாக யூத முதியவர்கள், குழந்தைகள், குழந்தையோடு வந்த தாய்மார்கள், ரயிலை விட்டு இறங்கிய சில மணி நேரத்திலேயே நச்சுவாயு அறையில் கொல்லப்பட்டார்கள்.

பதிவானவர்களுக்கு வருவோம். காலையில் அரை லிட்டர் 'காபி', அதாவது கறுப்புத் தண்ணீர். மதியம் முக்கால் லிட்டர் சூப். மாலையில் சுமார் 300 கிராம் ரொட்டி, கூடவே 25 கிராம் அளவில் மார்கரினோ சாசேஜோ. காகிதக் கணக்கிலேயே 1,300 முதல் 1,700 கலோரி. கைக்கு வந்தது அதிலும் குறைவு, வழியில் திருட்டு. மண் வெட்டி, சிமென்ட் மூட்டை சுமப்பவருக்கு இது பாதி வயிற்றுக்குக்கூடக் காணாது. இதை மட்டும் நம்பியிருந்தவர் சில மாதம் தாக்குப்பிடிப்பதே பெரிது. ஆக, மேற்கொண்டு ஒரு வாய் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

சூப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அண்டாவில் மேலே வெறும் தண்ணீர், கிழங்கெல்லாம் அடியில். வரிசையில் முன்னால் நின்றால் நஷ்டம். ரொம்பப் பின்னால் நின்றால் தீர்ந்தே போகும். கரண்டி பிடிப்பவர் தெரிந்தவராக இருந்தால் அடியிலிருந்து அள்ளுவார். கிண்ணம் திருடு போனால் சூப்பே இல்லை, அதனால் இடுப்பிலேயே கட்டிக்கொண்டு திரிந்தார்கள். மாலை ரொட்டியில் கொஞ்சம் மறுநாள் காலைக்கு வைக்க வேண்டும் என்பது விதி. பலர் உடனே தின்றுவிட்டார்கள். அது பேராசை இல்லை. வைத்தால் ராத்திரி காணாமல் போகும்.

ஓரத்துக்குறிப்பு:
சாப்பாட்டோடு செருப்பையும் சேர்க்க வேண்டும். மரக்கட்டைச் செருப்பு, ஜோடி சேராது, அளவும் பொருந்தாது. தேய்த்துப் புண்ணாகும், சீழ் வைக்கும், கால் வீங்கும். நடை தளர்ந்தால் அடி. மருத்துவத் தொகுதிக்குப் போனால் அங்கேயும் பொறுக்கியெடுப்பு, அதாவது யாரைக் கொல்வது என்று பிரித்தெடுப்பது. தேறமாட்டார் என்று பட்டால் வாயு அறை அல்லது இதயத்தில் ஃபீனால் என்ற நச்சு ஊசி. ஒரு கொப்புளத்தில் ஆரம்பித்து இங்கே வந்து முடியும்.

இன்னொன்று மொழி. உத்தரவெல்லாம் ஜெர்மனில். தன் எண்ணைக் கூப்பிடுவது காதில் விழுந்தும் புரியாதவருக்கு அடி. 1943-ல் கிரேக்கத்தின் சலோனிகாவிலிருந்து 40,000-க்கும் மேற்பட்ட யூதர்களைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் வீட்டில் பேசியது லதீனோ, ஸ்பானிஷிலிருந்து வந்த யூத மொழி. ஜெர்மனும் தெரியாது, ஜெர்மனுக்கு நெருங்கிய யூத மொழி என்பதால் ஓரளவு கைகொடுத்திருக்கக்கூடிய யித்திஷும் தெரியாது, போலந்துக் குளிரும் பழக்கமில்லை. அவர்களில் பதிவானவர்களும் வேகமாக மடிந்தார்கள். இதில் வைராக்கியத்தை எங்கே தேடுவது?

எதிர்க்கரை:
மேலே சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் எல்லாவற்றையும் கலோரியில் அடக்க முடியாது. கூட ஒரு ஆள் இருந்ததா என்பதும் கணக்கில் வரும். ஆஷ்விட்ஸின் ஒரு பிரிவான பிர்க்கெனாவின் பெண்கள் பகுதியில் அக்கா தங்கை, ஒரே ஊர்க்காரர்கள், அல்லது முகாமில் சேர்ந்தவர்களே இரண்டு மூன்று பேராக ஒட்டிக்கொண்டார்கள். ஒருத்தி காய்ச்சலில் கிடந்தால் மற்றவள் எண்ணிக்கை எடுக்கும் இடத்தில் தோள் கொடுத்து நிறுத்துவாள், ரொட்டியைக் காவல் காப்பாள். தனியாளுக்கு அது கிடையாது. 'முசல்மான்' என்று முகாமில் அழைக்கப்பட்டவர்கள், அதாவது அடித்தாலும் கை தூக்கித் தடுக்காத நிலைக்கு வந்துவிட்டவர்கள், பெரும்பாலும் யாருமே பக்கத்தில் இல்லாதவர்கள்.

கப்போக்களைப் பற்றி யாரும் பேசவில்லையே. கைதியையே கைதிக்கு மேஸ்திரியாக்கி, கூரையும் கூடுதல் சூப்பும் கொடுத்து, கையில் தடியையும் கொடுத்தார்கள். அவருக்குக் கீழே வேலை குறைந்தால் மேஸ்திரி அடையாளமான கைப்பட்டை போய்விடும், நேற்று அடி வாங்கியவர்கள் நடுவில் ராத்திரி படுக்க வேண்டும். முகாமை நடத்திய நாஜிப் படையான எஸ்.எஸ். ஆட்கள் அதிகம் இல்லாமலே முகாம் ஓடியது இப்படித்தான். இஸ்ரேலின் 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் யூதக் கப்போக்கள்மீதும் வழக்குகள் நடந்தன. 1952-ல் ஒருவருக்கு மரண தண்டனை விதித்து, மேல்முறையீட்டில் 2 ஆண்டுச் சிறையாகக் குறைத்தார்கள். நீதிமன்றமே தடுமாறிய இடம் அது.

சுவடிப்பெட்டி:
நன்றி. விடுதலைக்குப் பிறகும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள் என்கிறார்களே, சாப்பாடு கிடைத்த பிறகு ஏன்?

ஓரத்துக்குறிப்பு:
அது பெரும்பாலும் ஜெர்மனியில் இருந்த பெர்கன்-பெல்சன் என்ற வேறொரு முகாமின் கதை. 1945 ஏப்ரல் 15-ல் பிரிட்டிஷ் படை உள்ளே போனபோது சுமார் 60,000 பேர் இருந்தார்கள். அதன்பின் 13,000-க்கும் மேல் இறந்தார்கள். பேன் பரப்பும் டைஃபஸ் காய்ச்சல் ஒரு காரணம். மற்றது, ராணுவ டின் இறைச்சியும் கொழுப்பும். பட்டினியில் சுருங்கிய குடல் அதைத் தாங்காது: வயிற்றுப்போக்கு, ரத்தத்தில் உப்புகள் சரிந்து இதயம் நிற்பது.

பிறகு 1943 வங்காளப் பஞ்சத்தில் கொடுத்த கலவையைக் கொண்டுவந்தார்கள்: பால் பவுடர், மாவு, சர்க்கரை, உப்பு, தண்ணீர். தித்திப்பு தாங்காமல் பலர் குடிக்க மறுத்தார்கள். சரி, ஊசி வழியாகச் சத்து ஏற்றலாம் என்றால், ஊசியைப் பார்த்ததும் அலறினார்கள். முகாம்களில் ஊசி எதற்குப் பயன்பட்டது என்பது அவர்களுக்குத் தெரியும். கடைசியில் கைகொடுத்தது கொஞ்சம் கொஞ்சமாக வாய்வழி ஊட்டியதுதான். அதற்கு ஆள் போதாமல் லண்டனிலிருந்து மருத்துவ மாணவர்களை வரவழைத்தார்கள்.