ஓடும் காரில் முழுத் திராட்சை: இதற்குமா கைதட்டல்?

பின்சீட்டு அம்மா:
சின்னப் பிள்ளைகளோடு வார இறுதியில் காரில் போவது பற்றி வண்டிக்காரன் நேற்று நீளமாக ஒரு பதிவு போட்டிருந்தார். படிக்காதவர்களுக்குச் சுருக்கம்: விடியும் முன் கிளம்பு, மாற்றுத்துணியை டிக்கியின் அடியில் புதைக்காதே, நல்ல சாப்பாடு கிடைக்கும் இடத்தை முன்பே பார்த்து வைத்து அங்கே மட்டும் வண்டியை நிறுத்து. இதெல்லாம் சரி. நடுவில் இப்படி ஒரு வரி: “மூன்று வயதுப் பிள்ளை கையில் ஒரு டப்பா திராட்சையைக் கொடுத்தால் போதும், போய்ச் சேரும்வரை சத்தமே வராது.”

சத்தம் வராதுதான். தொண்டையில் அடைத்துக்கொண்டாலும் சத்தம் வராது.

அந்த வயதில் மூச்சுக்குழல் குறுகல், கடைவாய்ப் பல்லும் பலருக்கு அப்போதுதான் முளைத்து முடிகிறது. திராட்சை உருண்டை, வழவழப்பு, மெத்தென்று நெளியும். போய் உட்கார்ந்தால் காற்றுக்கு இடுக்கே விடாது. ஐந்து வயதுக்குள் நீளவாக்கில் நாலாக நறுக்கிக் கொடுக்கச் சொல்கிறார்கள். இவர் டப்பாவையே கையில் கொடுக்கச் சொல்கிறார். கீழே ஆளாளுக்கு “அருமை அண்ணே”. என்ன அருமை?

வண்டிக்காரன்:
வாங்கம்மா. ராத்திரி தூக்கம் கெட்டு அத்தனை நீளம் எழுதினேன். வழி பார்ப்பது, மூட்டை கட்டுவது, அழுகையை நிறுத்துவது எல்லாம் அதில் இருக்கிறது. உங்கள் கண்ணில் பட்டது ஒரு திராட்சை.

என் மூத்தவன் முழுத் திராட்சை தின்று வளர்ந்தவன். இப்போது என்னைவிட உயரம். சின்னவளும் அப்படித்தான். எங்கள் வீட்டில் பழத்துக்கு ஆபரேஷன் செய்து பரிமாறும் வழக்கம் இல்லை.

பின்சீட்டு அம்மா:
உங்கள் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, சந்தோஷம். ஆனால் ஆனவர்கள் வந்து இங்கே பதிவு போட மாட்டார்கள் அண்ணா.

கூடைக்காரி:
எனக்கு ஒரு சந்தேகம். நல்ல சாப்பாடு, நல்ல சாப்பாடு என்று பதிவு முழுக்க வருகிறதே, அது எது? பிள்ளை அடம்பிடிக்காமல் தின்பதா, பெரியவர்கள் நாக்குக்கு ருசியாக இருப்பதா, இல்லை வயிற்றைக் கெடுக்காததா? அதைச் சொல்லாமல் எங்கே நிறுத்துவது, எதைக் கட்டிக்கொண்டு போவது என்று எப்படி முடிவு செய்வது?

வண்டிக்காரன்:
அக்கா, அதை அப்புறம் பார்க்கலாம். முதலில் இந்தத் திராட்சைக்கு ஒரு வழி பண்ணிவிடுகிறேன்.

நாலாவது கியர்:
நான் அம்மா பக்கம். ஒரு கணக்கு மட்டும் போடுங்கள். மணிக்கு 100 கிலோமீட்டரில் போகிறீர்கள், அதாவது நொடிக்குக் கிட்டத்தட்ட 28 மீட்டர். பிள்ளை பின்னால் இருக்கைப் பெல்ட்டில். முழுதாக அடைத்துவிட்டால் இருமலும் வராது, அழுகையும் வராது. நீங்கள் கண்ணாடியில் எட்டிப் பார்த்து, என்னமோ ஆகிவிட்டது என்று புரிந்து, இண்டிகேட்டர் போட்டு, ஓரங்கட்டி, இறங்கி, கதவைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றி வெளியே எடுக்க வேண்டும். அதன் பிறகுதான் முதலுதவியே ஆரம்பம்: முன்னால் சாய்த்து முதுகில் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 தட்டு, அதில் வராவிட்டால் பின்னால் நின்று கட்டிப்பிடித்து வயிற்றை உள்ளே, மேலே 5 அழுத்து. ஒரு வயதுக்குக் கீழே என்றால் வயிற்றை அழுத்தவே கூடாது, மார்பில்தான். காற்று போகாமல் நாலைந்து நிமிடம் ஆனால் மூளை பாதிக்கத் தொடங்கிவிடும். இருக்கையில் கட்டி வைத்தபடி இதில் எதையும் செய்ய முடியாது.

வண்டிக்காரன்:
ஆகா, நம்ம கியர் தம்பி வந்தாச்சு. மூன்று மணி நேரம் ஓட்டிய கையோடு, டயர் கொதித்துக்கொண்டிருக்கும்போது காற்றழுத்தம் அளந்துவிட்டு “கம்பெனி சொன்னதைவிட அதிகமாகக் காட்டுகிறது, இறக்கிவிட்டேன்” என்று போன மாதம் எழுதிய அதே தம்பிதானே? இப்போது முதலுதவி வகுப்பு எடுக்கிறார்.

நாலாவது கியர்:
அது வேறு இழை. அதை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்? திராட்சைக்குப் பதில் சொல்லுங்கள்.

வண்டிக்காரன்:
ஓடினால் டயர் சூடாகும், சூடானால் அழுத்தம் ஏறும், அதனால்தான் வண்டி ஆறிய பிறகு அளக்கச் சொல்கிறார்கள். இது தெரியாதவர் எனக்கு நொடிக்கு எத்தனை மீட்டர் என்று கணக்குச் சொல்கிறார். சரி, திராட்சை. என் மனைவி பின்னால் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். பிள்ளையைத் தனியே விட்டுவிட்டு நான் என்ன சரக்கா ஏற்றிப் போகிறேன்?

பின்சீட்டு அம்மா:
மனைவி பக்கத்தில் இருப்பார் என்று பதிவில் எங்கே இருக்கிறது? “கையில் கொடுத்தால் போதும்” என்றுதான் இருக்கிறது. இப்போது மனைவியைக் கொண்டுவந்து உட்கார வைக்கிறீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதையாக முழுத் திராட்சையை மறைக்கப் பார்க்கிறீர்கள்.

சும்மா வந்தவன்:
விதையுள்ள திராட்சையா, விதையில்லாததா?

வண்டிக்காரன்:
சபாஷ். இத்தனை பேர் குதித்தார்கள், ஒருத்தருக்காவது இதைக் கேட்கத் தோன்றியதா? விதையில்லாதது. நான் என்ன விவரம் கெட்டவனா?

பின்சீட்டு அம்மா:
அண்ணா, விதைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அடைப்பது பழம்.

சும்மா வந்தவன்:
அப்போ குறுக்கே இரண்டாக வெட்டினால்?

பின்சீட்டு அம்மா:
குறுக்கே வெட்டினாலும் வட்டம் வட்டம்தான், அதே அகலம். நீளவாக்கில் நாலாக வெட்ட வேண்டும்.

வண்டிக்காரன்:
வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு, விடிகாலை எழுந்து, இரண்டு பிள்ளையைக் குளிப்பாட்டி, நாலு பை கட்டி, அதற்கு மேல் ஒரு கிலோ திராட்சையை நாலு நாலாக நறுக்கிக்கொண்டு உட்கார்ந்தால் திங்கட்கிழமைதான் கிளம்பலாம். நறுக்கிய பழம் டப்பாவில் சாறு விட்டு, அது சட்டையில், சீட்டில், கதவுக் கைப்பிடியில். ஓட்டியவனுக்குத்தான் தெரியும்.

ரேஸ் தாத்தா:
எங்கள் காலத்தில் திராட்சையும் இல்லை, இந்த பூஸ்டர் சீட்டும் இல்லை. மடியில் வைத்துக்கொண்டுதான் போனோம். பிள்ளைகள் நன்றாகத்தான் வளர்ந்தார்கள். இப்போது எல்லாவற்றுக்கும் பயம்.

நாலாவது கியர்:
தாத்தா, மூன்று முனைப் பெல்ட்டே 1959-ல்தான் காருக்கு வந்தது. இல்லாத காலத்தில் இல்லாமல் போனீர்கள், அது உங்கள் தப்பில்லை. இப்போதும் மடியில் வைப்போம் என்பது தப்பு. மணிக்கு 50 கிலோமீட்டரில் போய் இடித்தால்கூட எந்தப் பெரியவராலும் பிள்ளையைக் கையில் பிடித்து நிறுத்த முடியாது.

ரேஸ் தாத்தா:
என் கைப்பிடி உனக்குத் தெரியாது தம்பி.

வண்டிக்காரன்:
தாத்தா, இதில் மட்டும் நான் உங்கள் பக்கம் இல்லை. என் சின்னவளை முடிந்தவரை பின்னோக்கிய இருக்கையில்தான், அதாவது வண்டியின் பின்பக்கம் பார்த்து உட்காரும் பிள்ளை இருக்கையில்தான் வைத்திருந்தேன். தலை பாரம், கழுத்து பிஞ்சு. முன்னால் மோதினால் முதுகு முழுக்க இருக்கை தாங்கும். குளிர் என்று தடித்த ஸ்வெட்டரோடு பெல்ட் போட்டதும் கிடையாது, பெல்ட் உடம்போடு ஒட்டாது. பாருங்கள், இவ்வளவும் தெரிந்தவனைத்தான் இந்த அம்மா பிள்ளை வளர்க்கத் தெரியாதவன் என்கிறார்.

பின்சீட்டு அம்மா:
நான் அப்படிச் சொல்லவே இல்லை. திராட்சை என்றுதான் சொன்னேன்.

வண்டிக்காரன்:
சொல்லவில்லை, நினைத்தீர்கள்.

கூடைக்காரி:
என் கேள்விக்கு யாராவது பதில் சொல்வீர்களா? நான் வயிற்றைக் கெடுக்காததைத்தான் நல்ல சாப்பாடு என்பேன். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்ததை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதே என்கிறார்கள். 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரம்தான். வெயிலில் டிக்கி எப்படிக் கொதிக்கும் என்று சொல்லவே வேண்டாம். சோற்றை வேகவைத்தாலும் சில கிருமிகளின் வித்து சாகாது, வெதுவெதுப்பாகவே கிடந்தால் முளைத்து நஞ்சு கக்கும், மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. வண்டிக்காரன் அண்ணன் “காலையில் கட்டிய சோறு மதியத்துக்கு” என்று எழுதியிருக்கிறாரே, அதை யாரும் கவனிக்கவில்லையா? எனக்கு அதுதான் திராட்சையைவிடப் பெரியதாகப் படுகிறது.

வண்டிக்காரன்:
திராட்சையைவிடப் பெரியது என்று கூடைக்காரி அக்காவே சொல்லிவிட்டார். எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள்.

கூடைக்காரி:
நான் சொன்னது உங்களுக்கு எதிராக.

வண்டிக்காரன்:
எதிராகவோ ஆதரவாகவோ, திராட்சை பெரிய விஷயம் இல்லை என்று வந்துவிட்டதல்லவா.

சும்மா வந்தவன்:
திராட்சை எல்லாம் எதற்கு? போனைக் கையில் கொடுத்துவிட்டால் பிள்ளை திரும்பிக்கூடப் பார்க்காது. என் அக்கா பிள்ளைகள் அப்படித்தான்.

பின்சீட்டு அம்மா:
வளைந்து வளைந்து போகிற மலைப்பாதையில் போனைக் கொடுத்துப் பாருங்கள். வண்டி ஆடுகிறது என்று உள்காது சொல்லும், எல்லாம் அசையாமல் இருக்கிறது என்று திரையில் பதிந்த கண் சொல்லும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் வாந்தி. இரண்டு வயதுக்கு மேல் பன்னிரண்டு வரைக்கும்தான் இது படுத்தி எடுக்கும். கொட்டாவி விடுவார்கள், முகம் வெளுக்கும், உதட்டுக்கு மேல் வியர்க்கும், திடீரென்று பேச்சு நிற்கும். அப்போதே ஜன்னலை இறக்கி, தூரத்தில் தெரிவதைப் பார்க்கச் சொல்லி, இடம் கிடைத்தவுடன் நிறுத்த வேண்டும்.

சும்மா வந்தவன்:
எங்கள் வீட்டுப் பிள்ளைகள் வாந்தி எடுத்ததில்லை.

பின்சீட்டு அம்மா:
உங்கள் வீட்டிலும் நல்ல செய்திதான்.

நாலாவது கியர்:
கிளம்பும் முன் எண்ணெய்ப் பண்டமாக வயிறு முட்டக் கொடுத்தாலும் வரும், வெறும் வயிற்றோடு கூட்டிப் போனாலும் வரும். லேசாக ஏதாவது கொடுக்க வேண்டும்.

வண்டிக்காரன்:
லேசாக ஏதாவது. உதாரணத்துக்கு, திராட்சை.

நாலாவது கியர்:
நறுக்கிக் கொடுங்கள், நிறுத்திக் கொடுங்கள், யார் வேண்டாம் என்றார்கள்? இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓட்டுகிறவருக்கே ஓய்வு வேண்டும். அந்த நேரம் இறங்கி உட்கார்ந்து தின்னட்டும். பிள்ளைக்கும் கால் நீட்டின மாதிரி இருக்கும்.

வண்டிக்காரன்:
இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை! ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் செருப்பு தேடு, செருப்பு மாட்டு, கழிப்பறை, “அந்தக் கழிப்பறை வேண்டாம்”, கை கழுவு, பொம்மை கீழே விழுந்தது, அதைக் கழுவு, திரும்ப ஏற்று, பெல்ட் போடு, கிளம்பியதும் “மறுபடி வருது”. அரை மணி நேரம் போய்விடும். வார இறுதியே இரண்டு நாள். போய்ச் சேர்ந்து நிம்மதியாக ஒருவேளை நல்ல சாப்பாடு சாப்பிட வேண்டும் என்றுதானே கிளம்புகிறோம்? வழியிலேயே குடித்தனம் நடத்தவா?

ரேஸ் தாத்தா:
சரியாகச் சொன்னீர்கள்.

பின்சீட்டு அம்மா:
அந்த அரை மணி நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான் முழுத் திராட்சை என்பதை இப்போதாவது ஒத்துக்கொண்டீர்களே.

வண்டிக்காரன்:
நான் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. நான் சொல்லாததை என் வாயில் திணிக்காதீர்கள். அப்புறம், பதிவு பிடித்தவர்கள் பிடித்தது என்று சொன்னதற்கு “கைதட்டல்” என்று தலைப்பு வைத்தீர்களே, அது எதற்கு? எனக்கு வந்த பாராட்டு உங்களை உறுத்துகிறது, அதுதான் விஷயம். உங்கள் பயணச் சாமான் பட்டியலுக்கு அன்று இரண்டே பேர் பதில் போட்டார்கள். அதில் ஒருத்தன் நான்.

பின்சீட்டு அம்மா:
ஆமாம், “இவ்வளவு சாமான் இருந்தால் லாரி பிடிக்கலாம்” என்று போட்டீர்கள். மறக்கவில்லை.

வண்டிக்காரன்:
நல்ல யோசனைதானே?

கூடைக்காரி:
காலையில் கட்டிய சோறு, அண்ணா. பதில் வரவில்லை.

வண்டிக்காரன்:
வரும் அக்கா. தனிப் பதிவாகவே வரும். அடுத்த வாரம் பாகம் இரண்டு எழுதுகிறேன். திராட்சை பிடிக்காதவர்களுக்காக முழுக்க முழுக்க பாப்கார்னும் வேர்க்கடலையும்.

பின்சீட்டு அம்மா:
அது இரண்டுமே நாலு வயதுக்குள் கொடுக்கக் கூடாத பட்டியலில் இருக்கிறது. வேண்டுமென்றே எழுதுகிறீர்களா?

வண்டிக்காரன்:
பதிவு வரட்டும், அங்கே வந்து கேளுங்கள்.

சும்மா வந்தவன்:
பாப்கார்ன் உப்பா, காரமா?

நாலாவது கியர்:
அந்த டயர் விஷயம். வண்டியை நிறுத்தி அரை மணி நேரம் கழித்துத்தான் அளந்தேன், நிழலில். அன்றைக்கே எழுதியிருக்கிறேன். யாரும் முழுதாகப் படிப்பதில்லை.

வண்டிக்காரன்:
அரை மணி நேரத்தில் ஆறாது தம்பி. வா, அந்த இழைக்கே வா.