எழுப்பியும் எழாத திரெட்: உங்களுக்கும் நடந்ததா?

ஈசூன்காரன்

சிங்கப்பூர் துவாஸில் கிடங்கு ஒன்றுக்கு லேபிள் அச்சிடும் புரோகிராம், சி பிளஸ் பிளஸ் மொழியில். ஒரே புரோகிராமுக்குள் தனித்தனியாக ஓடும் இரண்டு திரெட்: ஸ்கேனர் திரெட் வரிசையில், அதாவது கியூவில், போடும், பிரிண்டர் திரெட் எடுத்து அச்சிடும். நடுவில் ஒரு கண்டிஷன் வேரியபிள்: வேலை இல்லாவிட்டால் பிரிண்டர் திரெட் அதில் வெயிட் போட்டுத் தூங்கும், வேலை வந்ததும் ஸ்கேனர் நோட்டிஃபை அடித்து எழுப்பும். அவ்வளவுதான்.

விடிகாலை 2.40க்கு போன். கடைசிப் பொட்டலத்துக்கு லேபிள் வரவில்லை, லாரி காத்து நிற்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால் சிபியு 0 சதவீதம். ஜிடிபி என்ற டீபகரை மாட்டி, எது எந்த இடத்தில் நிற்கிறது என்று காட்டும் பேக்டிரேஸை எல்லா திரெட்டுக்கும் எடுத்தேன். பிரிண்டர் திரெட் வெயிட்டில் படுத்திருக்கிறது. நிலுவை எண்ணிக்கை என்ன என்று கேட்டேன். 1 என்றது. வேலை இருக்கிறது, திரெட் தூங்குகிறது. அந்த 1 இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

எண்ணிக்கை அட்டாமிக், அதாவது இரண்டு திரெட் ஒரே நேரத்தில் தொட்டாலும் மதிப்பு கெடாது. அதனால் அதைக் கூட்டும் இடத்தில் லாக், அதாவது ஒரு நேரத்தில் ஒரு திரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு, இல்லை. பிரிண்டர் திரெட் 0 என்று பார்த்துவிட்டது, இன்னும் படுக்கவில்லை. அந்த இடைவெளியில் ஸ்கேனர் எண்ணிக்கையைக் கூட்டி நோட்டிஃபையும் அடித்துவிட்டது. கேட்க ஆள் இல்லாத நோட்டிஃபை காற்றோடு போய்விடும், எழுப்பல்களை எண்ணி வைத்துக்கொள்ளும் செமஃபோர் மாதிரி யாரும் அதைச் சேர்த்து வைப்பதில்லை. அப்புறம்தான் பிரிண்டர் திரெட் போய்ப் படுத்தது. பகலில் அடுத்த பொட்டலம் நொடியில் வந்து எழுப்பிவிடும், அதனால் யாருக்கும் தெரியவில்லை. இரவின் கடைசிப் பொட்டலம் மாட்டிக்கொண்டது.

மனதை அரிப்பது வேறு. முதலில் அங்கே லாக் இருந்தது, எடுத்தவன் நான். கோட் ரிவ்யூவில், என்னோடு வேலை பார்த்த அக்கா "இது வேண்டாமா?" என்று கேட்டார். "அட்டாமிக்தானே அக்கா, எதுக்கு?" என்றேன். அவரும் விட்டுவிட்டார்.

தேக்கா கொப்பி

எனக்கு நேர் எதிர். ஜாவா, கியூவிலிருந்து எடுக்கும் திரெட், அதாவது கன்ஸ்யூமர், 2. வெயிட்டைச் சுற்றி, ஒரே ஒரு முறை பார்க்கும் வெறும் இஃப். தீபாவளிக்கு முந்தின வாரம், ஆர்டர் குவிகிற நேரம், காலியான பட்டியலிலிருந்து எடுக்கப் போய் 'நோ சச் எலிமென்ட்' என்ற பிழையோடு விழுந்தது. நோட்டிஃபை கிடைத்து எழுந்த திரெட் லாக்கைப் பிடிப்பதற்குள் இன்னொன்று உள்ளே புகுந்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. பலதுறை மருந்தகத்தில் நம் எண்ணைக் கூப்பிட்டார்கள் என்று எழுந்து போய்க் கதவைத் திறந்தால், உள்ளே ஏற்கனவே ஒருவர் உட்கார்ந்திருப்பார் இல்லையா, அதே நிலைமை. திரும்பி வந்து உட்கார வேண்டியதுதான். அந்தத் திரும்பி வருவதுதான் வைல், எழுந்த ஒவ்வொரு முறையும் மறுபடி பார்க்கும் லூப்.

1974இல் கணினி விஞ்ஞானி டோனி ஹோர் மானிட்டர் என்ற, லாக்கும் கண்டிஷன் வேரியபிளும் சேர்ந்த அமைப்பைப் பற்றி எழுதியபோது, சிக்னல் கொடுத்த நொடியே எழுந்தவர் கைக்கு உரிமை போய்விடும் என்று வைத்தார். அங்கே இஃப் போதும். ஸெராக்ஸ் நிறுவனத்தில் மெசா என்ற நிரல் மொழியைச் செய்தவர்கள் அதை மாற்றினார்கள். அவர்களில் லாம்ப்சனும் ரெடெல்லும் 1980இல் எழுதியபடி, சிக்னல் என்பது "போய்ப் பார்" என்ற குறிப்பு மட்டுமே. ஜாவா, லினக்ஸ் போன்றவற்றின் பிதிரெட் நூலகம், சி பிளஸ் பிளஸ் எல்லாமே மெசா வழிதான். இதை ஒரு வகுப்பிலும் எனக்குச் சொல்லவில்லை.

ஈசூன்காரருக்கு: அட்டாமிக்கையும் கண்டிஷன் வேரியபிளையும் சேர்த்து வைத்ததே தப்பு.

செங்காங் 16ஆம் மாடி

தேக்கா கொப்பி சொன்னதை நான் ஏற்கமாட்டேன். அட்டாமிக் குற்றவாளி இல்லை. மதிப்பை மாற்றும்போது வெயிட் செய்பவரின் அதே மியூடெக்ஸ், அதாவது அதே லாக், கையில் இருந்ததா? கேள்வி அது ஒன்றுதான். அட்டாமிக் ஆனாலும் சரி, சாதா இன்ட் ஆனாலும் சரி. வெயிட் லாக்கை விடுவதும் தூங்குவதும் பிரிக்க முடியாத ஒரே செயல், அதனால்தான் லாக்குக்குள் மாற்றினால் இடைவெளியே கிடையாது.

என் கதை சின்னது. ஒரே ஒரு இடம் உள்ள பஃபர், அதில் போடும் புரொட்யூசருக்கும் எடுக்கும் கன்ஸ்யூமருக்கும் பொதுவாக ஒரே கண்டிஷன் வேரியபிள், ஒருவரை மட்டும் எழுப்பும் நோட்டிஃபை ஒன். ஒருவருக்கு ஒருவர் இருந்தவரை ஓடியது. இரண்டாவது கன்ஸ்யூமரைச் சேர்த்தேன். ஒரு கன்ஸ்யூமர் எடுத்துவிட்டு எழுப்பியது புரொட்யூசரை அல்ல, இன்னொரு கன்ஸ்யூமரை. அது பார்த்தது, காலி, மறுபடி படுத்தது. மூன்று பேரும் தூக்கம்.

இனி எழுதுபவர்களுக்குச் சில விஷயம். 'இடம் இருக்கிறது', 'சரக்கு இருக்கிறது' என்று இரண்டு கண்டிஷன் வேரியபிள் வையுங்கள். முடியாவிட்டால் எல்லாரையும் எழுப்பும் நோட்டிஃபை ஆல், கொஞ்சம் மெதுவானாலும் தூங்கிச் சாகாது. நிபந்தனையை வெயிட்டிடமே லாம்டாவாக, அதாவது பெயரில்லாத குட்டி ஃபங்ஷனாக, கொடுத்துவிடுங்கள், வைலை அதுவே சுற்றிக்கொள்ளும். நோட்டிஃபையை லாக்கை விட்ட பிறகு அடிக்கலாம், மாற்றத்தை மட்டும் உள்ளே செய்யுங்கள். திரெட் பிழை தேடும் கருவியான திரெட் சானிடைசரை நம்பி உட்காராதீர்கள்: ஈசூன்காரர் கோடில் டேட்டா ரேஸ், அதாவது பாதுகாப்பில்லாமல் ஒரே மதிப்பில் இரண்டு திரெட் மோதுவது, இல்லை, சானிடைசர் ஒன்றும் சொல்லாது. அதே வகைக் கருவியான ஹெல்கிரைண்ட் லாக் இல்லாத சிக்னலைச் சுட்டிக்காட்டும், சரியான கோடையும் சில சமயம் சேர்த்தே சுட்டும், பொறுமையாகப் படியுங்கள். 'போதும், நிறுத்து' என்று திரெட்டுக்குச் சொல்லும் கொடியையும் அதே லாக்குக்குள் மாற்றுங்கள், இல்லாவிட்டால் புரோகிராமை மூடும்போது, திரெட் முடியக் காத்திருக்கும் ஜாயினில் தொங்கும்.

ஜூரோங் போர்டு

வெயிட்டுக்கு டைம்அவுட், அதாவது கால வரம்பு, வைத்தால் தப்பிக்கலாம் என்று நானும் நினைத்தேன். 30 வினாடி. சின்ன லினக்ஸ் போர்டு, கடிகார பேட்டரி கெட்டுப்போய் பூட் ஆகும்போது 2036 என்று எழுந்தது. நெட்வொர்க் வந்ததும் நேரம் சரியானது. பிதிரெட் டைம்ட் வெயிட்டுக்கு 'இத்தனை வினாடி' என்று கொடுப்பதில்லை, 'இந்த மணிவரை' என்றுதான் கொடுக்கிறோம், அதுவும், வேறு சொல்லாவிட்டால், சுவர்க் கடிகாரத்தின், அதாவது தேதி காட்டும் கணினிக் கடிகாரத்தின், மணி. நேரம் சரியாவதற்கு முன்பே படுத்த என் திரெட் 2036 வரும்வரை தூங்கத் தயாராகிவிட்டது. லிஃப்ட் மோட்டார் சத்தத்துக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, மடிக்கணினியில் அந்த வருடத்தைப் பார்த்தபோது கை சில்லிட்டது. கண்டிஷன் வேரியபிளை உருவாக்கும்போதே பின்னோக்கிப் போகாத மானோடோனிக் கடிகாரத்தை அமைத்துவிடுங்கள்.

ஈசூன்காரன்

எல்லாருக்கும் நன்றி. செங்காங் சொன்னதோடு நிற்கிறேன், அட்டாமிக் இருக்கட்டும்.

நேற்று ஒன்று செய்து பார்த்தேன். லாம்டாவுக்குள் 0 என்று பார்த்த பிறகு, பொய் என்று திருப்பும் முன் 50 மில்லிசெகண்ட் தூங்கவிட்டேன். அந்த இடைவெளி அகலமாகிவிடும் இல்லையா. ஸ்கேனர் பக்கம் லாக் இல்லாத கோட் முதல் ஓட்டத்திலேயே நின்றது. மாதக்கணக்கில் பிடிபடாதது 50 மில்லிசெகண்டில் பிடிபட்டது. லாக் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிட்டேன், நிற்கவில்லை.

அக்கா இப்போது வேறு நிறுவனத்தில் இருக்கிறார். காலையில் எம்ஆர்டி ரயிலில் நின்றபடியே அவருக்கு முழுக்கதையையும் எழுதி அனுப்பினேன். பீஷான் நிலையம் தாண்டுவதற்குள் பதில் வந்தது: "லாக்கை எடுத்தா என்ன ஆகும்னு எனக்கும் அன்னிக்குச் சொல்லத் தெரியலடா. அந்த டெஸ்ட்டை கோட் ரெப்போல போட்டுட்டியா?"

போட்டுவிட்டேன்.