புதுப்பிப்பு: பாம்பன் வலைக்கொட்டகைப் படங்கள், விளக்கை எங்கே வைப்பது?

பாம்பன் கொட்டகையில் வலை பின்னும் பெரியவரைப் படமெடுக்கும்போது, 60 சென்டிமீட்டர் சாஃப்ட்பாக்ஸை (ஃபிளாஷின் ஒளியை மென்மையாக்கும் துணிப்பெட்டி) அருகில் வைத்தால் முகம் வெளுத்துப்போகிறது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். விளக்கைத் தள்ளி வையுங்கள் என்றே பலரும் சொன்னீர்கள். இரண்டு விதமாகவும் எடுத்துப் பார்த்துவிட்டேன்.

1 மீட்டரிலிருந்து 2 மீட்டருக்கு நகர்த்தினால் ஒளி பாதியாவதில்லை, கால் பங்காகிறது. அதாவது 2 ஸ்டாப் குறைவு (ஒளி ஒருமுறை பாதியானால் ஒரு ஸ்டாப்). வெளுப்பு போய்விட்டது, உண்மைதான். ஆனால் மூக்கின் நிழல் கன்னத்தில் கத்தியால் வெட்டியதுபோல் விழுந்தது. நெற்றிச் சுருக்கங்கள் கோடு கோடாகத் துருத்தின. முகத்திலிருந்து பார்க்கும்போது விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அவ்வளவு மென்மை. தள்ளத் தள்ள அது சிறுத்துவிடுகிறது.

ஆகவே 1 மீட்டரிலேயே வைத்து, ஃபிளாஷின் திறனைக் கால் பங்காகக் குறைத்தேன். முகத்தில் அதே அளவு வெளிச்சம், ஆனால் நிழலின் ஓரம் தோலோடு கரைந்துவிட்டது. அவருக்குப் பின்னால் ஒரு மீட்டர் தள்ளியிருந்த ஓலைத் தட்டியும் தானாக இருண்டு, முகம் தனித்து எழுந்தது. எனக்கு இதுதான் மிகவும் பிடித்திருக்கிறது.

வெட்டவெளி வெயிலுக்கு இந்தக் கணக்கு உதவாது. சூரியன் சுமார் 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. பத்தடி நகர்வதால் எதுவும் மாறாது. அங்கே மெல்லிய மேகமோ, தலைக்கு மேல் பிடித்த வெள்ளைத் துணியோதான் கைகொடுக்கும்.

அடுத்து, சின்னப்பாலத்தில் கடற்பாசி எடுக்கும் பெண்களைக் குழுவாக எடுக்கப்போகிறேன். விளக்கை நெருக்கினால் ஓரத்தில் நிற்பவர்மீது மட்டும் வெளிச்சம் கொட்டும் என்பதால், ஒளியைப் பரப்பும் பெரிய ஃபிளாஷ் குடையைத் தள்ளி வைக்க எண்ணியிருக்கிறேன்.